எம்.ஜி.ஆர் நம்ம ஆளா?

கலஹா முதல் நாவலப்பிட்டி வரை எந்தச் சலூனுக்குள் நுழைந்தாலும் ஒரு பெருமை காதில் விழும்: “எம்.ஜி.ஆர் நம்ம ஆளு!” 1917 ஜனவரி 17 இல் நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பது உண்மைதான். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த நரேந்திர மோடியும் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிச் சென்றார்.

ஆனால் இந்த மண் அவருக்கு என்ன கொடுத்தது? தந்தை கோபால மேனன் இறந்தபின், தாய் சத்யபாமா பிள்ளைகளுடன் கும்பகோணத்தில் ஒதுங்கினார். வறுமை தாளாமல் அண்ணன் சக்கரபாணியும் தம்பியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்க்கப்பட்டனர். அதைக் ‘கலைக்கூடம்’ என்று புகழ்வது நம்மவர் வழக்கம். சோற்றுக்காகப் பிள்ளைகளை ஒப்படைத்த இடம் என்று சொல்ல ஏனோ நா கூசுகிறது. 1982 இல் சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தவருக்கு அந்தப் பசி மறந்திருக்கவில்லை.

முதல் படம் 1936 இல் வந்த ‘சதிலீலாவதி’. அதன் நாயகன் இலங்கைக்கு ஓடிவந்து தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். எம்.கே.ராதாதான் நாயகன், எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது சிறியதொரு பொலிஸ் வேடம். கதாநாயகனாக ‘ராஜகுமாரி’ வரும்வரை, 1947 வரை, பதினொரு ஆண்டுகள் காத்திருந்தார்.

மறு ஆண்டு இலங்கையில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது, தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. பாலக்காட்டுப் பக்கத்துக் கோபால மேனனின் மகன் நாவலப்பிட்டியிலேயே வளர்ந்திருந்தால், லூல்கந்துரைத் தேயிலையை மூன்று தலைமுறையாகப் பறித்தும் அத்தாட்சி காட்ட முடியாமல் நின்றவர்களோடு வரிசையில் நின்றிருப்பார். 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டபோது, எந்தக் கணக்கில் அவரை எழுதியிருப்பார்கள்?

அவர் முதலமைச்சரான 1977 இல்தான் மலையகத்தில் லயங்கள் எரிந்தன. போராளிகளுக்கு அவர் செய்த உதவியைப் புத்தகம் புத்தகமாக எழுதுகிறோம். மண்டபம் முகாமில் தகரப்பெட்டியோடு இறங்கிய ‘தாயகம் திரும்பியோரை’ப் பற்றி, அவருடைய ரசிகர்களாகவே இருந்த அந்த மக்களைப் பற்றி, எத்தனை பக்கம் எழுதினோம்?

அடுத்த ஜனவரி 17 இல் படத்துக்கு மாலை போடுகிறவர்கள் போடட்டும். கீழே ‘1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம்’ என்றும் ஒரு வரி எழுதி வைக்கட்டும்.