மூச்சைப் பிடிக்காதே, மகனே

மன்னார்க் கரையோர வாடியொன்றில் கடலட்டைக்குச் சுழியோடும் ஒருவருடன் அண்மையில் பேசிக்கொண்டிருந்தோம். தமது பதின்மூன்று வயது மகனைச் சிலிண்டர் கட்டிச் சுழியோடப் பழக்குவதாக அவர் சொன்னார். யாரிடமாவது முறையாகப் பயிற்றுவித்தீர்களா என்று கேட்டோம். “என்ன பாதர், எங்கட ஐயா வெறும் மூச்சில சங்கு குளிச்சவர். அவருக்கு ஆர் படிப்பிச்சது? மூச்சை இறுக்கிப் பிடி, பயப்பிடாத எண்டு சொல்லிக் குடுத்திருக்கிறன். அது காணும்” என்றார்.

அவரது பெருமிதம் நியாயமானதே. முத்தும் சங்கும் குளித்த கரை இது. 1905 ஆம் ஆண்டு முத்துக்குளிப்புக்கு ஆயிரக்கணக்கான சுழியோடிகள் இங்கு திரண்டனர். கல்லின் பாரத்தோடு இறங்கி, மேலே கயிறு பிடித்தவரை நம்பி ஏறிவந்த மனிதர் அவர்கள். ஆயினும், பாட்டனைக் காப்பாற்றிய அதே பாடம் பேரனைக் கொன்றுவிடக்கூடும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

வெறும் மூச்சில் இறங்குபவர் கரைக் காற்றை நெஞ்சில் நிரப்பிக்கொண்டு போகிறார். ஆழத்தில் அக்காற்று சுருங்குகிறது. ஏறும்போது பழைய அளவுக்கு விரிகிறது, அவ்வளவுதான். சிலிண்டர் கட்டியவரின் நிலை வேறு. பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் கரையில் உள்ளதைப் போல் இரு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் அது இரு மடங்காக விரியும்; நுரையீரல் கிழியும். இதற்கு ஆழ்கடல் தேவையில்லை, இரண்டு மீற்றர் ஆழமே போதும். பயந்துபோன சிறுவன் என்ன செய்வான்? தகப்பன் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வான்.

ஆகவே சிலிண்டர் கட்டும் பிள்ளைக்கு முதற் பாடம் மூச்சை ஒருபோதும் நிறுத்தாதே என்பதாகும். முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றவும், வாய்க்கருவி கழன்றால் பதறாமல் தேடிப் பொருத்தவும், காதை அமுக்கத் தொடங்கும்போதே மூக்கைப் பொத்தி மெல்ல ஊதவும், காற்று மானியைப் பார்த்து நேரத்தோடு திரும்பவும் அவன் இடுப்பளவு தண்ணீரில் நாட்கணக்காகப் பழகவேண்டும். படகின் ஓரத்திலிருந்து தள்ளிவிட்டுக் கற்பிக்கும் பாடமல்ல இது.

ஏறுவதற்கும் ஒரு கணக்குண்டு. ஆழத்தில் நைதரசன் இரத்தத்தில் கரைகிறது. சோடாப் போத்தலைச் சட்டென்று திறந்தால் பொங்குவதுபோல, விரைந்து ஏறுபவரின் உடலில் அது குமிழியாகிறது. மூட்டு நோ, மரத்துப்போதல், சிலருக்குக் காலே வழங்காமற் போதல். நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேற்படாமல் ஏறி, ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் தரிக்கும்படி பயிற்சியாளர்கள் கற்பிப்பது இதற்காகவே. கரையோரத்தில் அட்டை அருகி ஆழத்துக்குப் போக நேர்ந்த நமது தொழிலாளர், ஒரே நாளில் சிலிண்டர் மேல் சிலிண்டராக மாற்றி இறங்குகையில் இந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

அந்தத் தகப்பனுக்கு மூன்று வருடமாக வலது தோளில் நோ. “திரும்ப இறங்கினா நோ குறையும், பாதர்” என்றார். குறையத்தான் செய்யும், அழுத்தம் குமிழியை அமுக்கிவிடுகிறது. ஏறியதும் இன்னும் மோசமாகும். தோள் போகிறபடியால்தான் மகனை இறக்குகிறார் என்பது அப்போதுதான் எமக்கு விளங்கியது. வறுமையை அறியாதவர் அவரைத் திட்டலாம்; எம்மால் முடியவில்லை.

சுழியோட்டப் பயிற்சி நிறுவனங்கள் பத்து வயதுப் பிள்ளைகளையும் சேர்க்கின்றன, உண்மைதான். ஆனால் நீந்தத் தெரிந்திருக்கவேண்டும். பன்னிரண்டு மீற்றருக்குக் கீழே போகக்கூடாது. பெரியவர் ஒருவர் கூடவே இருக்கவேண்டும். அதுவும் மீன் பார்க்க, அட்டை பொறுக்கவல்ல. திருகோணமலைப் பக்கம் உல்லாசப் பயணியின் பிள்ளைக்குக் கைபிடித்துப் பழக்க ஆள் உண்டு. கடலை நம்பிப் பிழைக்கும் பிள்ளைக்குப் படகிலிருந்து ஒரு சத்தம்!

பதினாறு வயதுக்கு முன் பிள்ளையை வேலைக்கு அமர்த்த 2021 முதல் சட்டமும் இடந்தராது. அதுவரை பழகட்டும், தொழிலுக்கு இறங்கவேண்டாம் என்பதே எமது நிலைப்பாடு. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தமக்குள் இருவரையாவது முறையான பயிற்சிக்கு அனுப்பட்டும். அவர்கள் திரும்பிவந்து பிள்ளைகளைப் பழக்கட்டும். வலைக்கும் இயந்திரத்துக்கும் கடன் கொடுக்கும் நாம் இதற்கும் கொடுக்கலாம். இறங்குதுறையில் ஒட்சிசன் சிலிண்டர் ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும். நோய்ப்பட்டவரை அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை செய்யவேண்டும்; அத்தகைய அறையொன்று திருகோணமலையில் கடற்படையிடம் உண்டு. மன்னாரிலிருந்து அது எவ்வளவு தூரம் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

பேச்சு முழுவதையும் மகன் வலைக்குவியலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். எழும்ப ஆயத்தமானபோது, “பாதர், அப்ப காத்து முடிஞ்சா எப்பிடி மேல வாறது?” என்று கேட்டான். “ஆ” என்று மெல்லச் சத்தமிட்டு, காற்றை விட்டுக்கொண்டே மெதுவாக வரவேண்டும் என்றோம். அவன் அங்கேயே செய்து பார்த்தான். தகப்பனும் எங்களுக்குக் கேளாத அளவில் செய்து பார்த்தார்.