நீர்க்கட்டியை விட்டுவிட்டோம்

உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் இருப்பதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைத்தோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஏரி காக்கக் குழு வைத்தவர்கள் நாம் என்று மேடைதோறும் பேசினோம். அந்த ஏரித் தண்ணீரைத் தலைமுறை தலைமுறையாகப் பங்கிட்டுக் கொடுத்தவரைப் பற்றி ஒரு வரி பேசவில்லை.

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் கண்மாய்களில் அவருக்கு நீர்க்கட்டி என்று பெயர். மழை இறங்கியதும் வரத்துக்காலில் அடைப்பெடுத்தவர். ராத்திரியில் கரைமேல் நடந்து கசிவு பார்த்தவர். தண்ணீருக்குள் முங்கி மடை திறந்தவர். வறண்ட வருடத்தில் எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் பாய்வது என்பதை அவர்தான் நின்று நிறைவேற்றினார். ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லாதவர் என்பதாலேயே பல ஊர்களில் அவரை நம்பினார்கள். கூலி, அறுவடைக் களத்தில் அளக்கும் நெல். பெரும்பாலும் தலித் குடும்பங்கள். ஊர்த் தண்ணீர் முழுவதையும் அவர் கையில் ஒப்படைத்த நாம், அந்தக் கையால் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அவர் பிள்ளைகள் இந்த வேலையை உதறிப் போனது நியாயம்தான். இதை மாதச் சம்பளமும் மரியாதையும் உள்ள வேலையாக மாற்ற நமக்குப் பல பத்தாண்டுகள் இருந்தன. மாற்றவில்லை.

ஊரே கூடி ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்து வெள்ளைக்காரன் ஆட்சியில் குலைந்தது என்பதில் உண்மை உண்டு. ஆனால் பம்புசெட் வந்ததும் கிணற்றை நம்பி, கண்மாய்க் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தியவர்கள் நாம். நுங்கம்பாக்கம் ஏரியில் வள்ளுவர் கோட்டத்தையும் மதுரை உலகனேரியில் உயர் நீதிமன்றக் கிளையையும் கட்டியவர்களும் நாம்.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு, உலகின் முக்கிய வேளாண் மரபுகளைப் பட்டியலிட்டு வருகிறது. கடல்மட்டத்துக்குக் கீழே உழும் குட்டநாடும், காஷ்மீரின் குங்குமப்பூ வயல்களும், ஒடிசாவின் கோராபுட்டும் அதில் இருக்கின்றன. இலங்கை வறண்ட வலயத்தின் தொடர்குளங்கள் 2017-இல் இடம்பெற்றன. அதே 2017-இல் இங்கே குடிமராமத்து என்ற பெயரை மீட்டெடுத்து வண்டல் அள்ளினோம். கரையைச் சுற்றி நின்ற நம் பேச்செல்லாம் எத்தனை லோடு மண் என்பதாகவே இருந்தது.

அந்தப் பட்டியல் கல்லுக்கும் மண்ணுக்கும் தரப்படுவதல்ல; இன்றும் அந்த முறையில் வாழ்கிற மக்களோடு சேர்த்துத் தரப்படுவது. நாளைக்கே விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாலும் தமிழ்நாட்டின் சுமார் 39,000 ஏரிகளின் கரை நீளத்தையும் கொள்ளளவையும் காகிதத்தில் நிரப்பிவிடலாம். எந்த மழைக்கு எந்த மடையை எவ்வளவு திறப்பது என்று எழுத அது போதாது. அதைச் சொல்லத் தெரிந்த முதியவர்கள் சில ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டவர்கள் நம்மில் வெகு சிலர்.