தாத்தா வாட்சுக்குப் பெயிண்ட் அடிக்காதீங்கப்பா!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டு எங்கள் வகுப்பில் மூன்று பேர் என்னோடு பேசமாட்டார்கள். பரவாயில்லை.

அந்த மூன்று பேரும் இந்த வருஷம் "விண்டேஜ் ஸ்விஸ்" வாட்ச் வாங்கியிருக்கிறார்கள். மூன்றும் ஆன்லைனில், மூன்றும் ரெண்டாயிரம் ரூபாய் சுமாருக்கு. மூன்றின் டயலும் குற்றாலம் சீசன் கடையில் தொங்குகிற பிளாஸ்டிக் பொம்மை கலர். ஒன்று ஊதா, ஒன்று ஆரஞ்சு, மூணாவது கலருக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. "அறுபது வருஷத்துக்கு முந்தின வாட்ச் மக்கா, எப்படிப் புதுசு மாதிரி இருக்கு பாத்தியா?" என்று ஒருத்தன் கையை நீட்டுகிறான். அறுபது வருஷத்துக்கு முந்தினது ஏன்டா புதுசு மாதிரி இருக்கணும்? எங்க ஆச்சிக்கு எண்பது வயசு. நாளைக்குக் காலையில் அவங்க காலேஜ் பொண்ணு மாதிரி எழுந்து வந்தால் நான் சந்தோஷப்படமாட்டேன், ஓடிவிடுவேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். உலகம் பூரா பழைய வாட்ச் சேர்க்கிறவர்கள் மத்தியில் "மும்பை ஸ்பெஷல்" என்று ஒரு கெட்ட வார்த்தை உண்டு. நம்ம நாட்டுப் பெயர் இப்படி ஒரு விஷயத்துக்கா பிரபலமாகணும் என்று வருத்தமாக இருக்கும். செய்முறை ரொம்பச் சுலபம். எங்கேயோ கிடைத்த பழைய வாட்சைப் பிரிப்பது, ஒன்றின் மெஷினையும் இன்னொன்றின் கேஸையும் சேர்ப்பது, டயலில் இருக்கிற பழைய அச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பெயிண்ட் அடித்து, மேலே ஃபாவ்ரே லூபா, ரோமர், கேமி, சாண்டோஸ் என்று ஏதோ ஒரு பெயரை அச்சடிப்பது. பெயர் நிஜம், கம்பெனி நிஜம். அந்தக் கம்பெனி அப்படி ஒரு டயலைத் தன் வாழ்நாளில் செய்ததே கிடையாது என்பதுதான் விஷயம். நம்ம ஹெச்.எம்.டி.யையும் விட்டுவைக்கவில்லை.

வாங்குகிறவன் ஏமாந்தால் அது அவன் காசு, அவன் பாடு. என் கோபம் அதற்கில்லை. இந்த ஊதா டயலைப் பார்த்துப் பார்த்து "பழைய வாட்ச் என்றால் பளபளவென்று இப்படித்தான் இருக்க வேண்டும்" என்கிற ரசனை நம் வீடுகளுக்குள்ளே வந்துவிட்டது. எங்கள் தெருவில் ஒரு அண்ணன், காலமான தன் அப்பாவின் ரோமர் வாட்சை "ரெடி பண்ணி" வாங்கி வந்தார். பழைய டயல் தேன் கலரில் மங்கி, ஓரத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். சின்ன வயசில் நானே பார்த்திருக்கிறேன். இப்போது சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை வெளேர். ஆறு மணிக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த "ஸ்விஸ் மேட்" காணோம். பழைய டயல் எங்கே அண்ணே என்று கேட்டேன். அதன் மேலேதான் அடித்தார்களாம். அதாவது, போச்சு. இனி ஸ்விட்சர்லாந்துக்கே கொண்டு போனாலும் வராது.

ஒரு டயலுக்காக இவன் ஏன் இப்படிக் குதிக்கிறான் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. அது நம்ம ஊர் சம்பந்தப்பட்ட காரணம்.

தென்காசி, கடையநல்லூர் பக்கம் பழைய சுவிஸ் வாட்சுகள் கடையில் வாங்கி வந்தவை இல்லை, பெரும்பாலும் கப்பலில் வந்தவை. இந்தப் பக்கத்து ஆட்கள் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனது நேற்று இன்றைய கதையில்லை. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஆரம்பித்தது 1941-ல் என்றால், அதற்கு முன்னாலேயே அங்கே சங்கம் வைக்கிற அளவுக்கு நம்ம ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் எழுபதுகளில் வளைகுடா. சபுராளி ஊருக்கு வந்தால் பெட்டியில் சென்ட், சோப்பு, டார்ச் லைட், கையில் ஒரு வாட்ச். போகும்போது அந்த வாட்சைக் கழற்றி மச்சான் கையிலோ மகன் கையிலோ கட்டிவிட்டுப் போவார். அடுத்த முறை அவர் வருவதற்கு மூணு நாலு வருஷம் ஆகும். அதுவரை வீட்டில் அவர் இருந்த இடத்தில் அந்த டிக் டிக் சத்தம்தான் இருந்திருக்கும்.

அதற்கும் முந்தைய வழி ஒன்று உண்டு. வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி என்று ஒரு சுவிஸ் கம்பெனி, 1886-ல் பம்பாய் வியாபாரத்தை நம்பியே கிளம்பியது. 1916-ல் வந்த அவர்களது வாட்சின் பெயர் "சொவார்", குதிரை வீரன் என்று அர்த்தம். நம்ம ஊர்ப் பட்டாளத்துக்காரனுக்காகவே வைத்த பெயர். பல வெஸ்ட் எண்ட் வாட்சுகளுக்கு உள்ளே ஓடியது லாஞ்சின்ஸ் செய்து கொடுத்த மெஷின். ஃபாவ்ரே லூபா 1737-ல் சுவிட்சர்லாந்தில் லெ லோக்ல் என்ற ஊரில் பிறந்த பெயர், பம்பாய்க்கு வந்தது 1865-ல். பட்டாளம், ரயில்வே, பள்ளிக்கூடம் என்று சம்பளம் வாங்கிய தாத்தாக்கள் கையில் இருந்தது இவை இரண்டில் ஒன்றாக இருக்க நிறைய வாய்ப்பு.

சுதந்திரத்துக்கு அப்புறம் இறக்குமதிக்குக் கெடுபிடி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு ஹெச்.எம்.டி. பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. சுவிஸ் வாட்ச் வேண்டும் என்றால் வெளிநாட்டுச் சொந்தக்காரர் வேண்டும், இல்லையென்றால் கடத்தல்காரர் வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1962-ம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தை எடுத்து 123-வது பிரிவைப் பாருங்கள். கடத்தல் பொருள் என்று நியாயமான சந்தேகத்தில் பிடித்தால், "இது கடத்தல் இல்லை" என்று நிரூபிக்கிற பொறுப்பு வைத்திருக்கிறவன் தலையில். எந்தெந்தப் பொருளுக்கு? தங்கம் பெயர் இருக்கிறது. பக்கத்திலேயே வாட்ச் பெயரும் இருக்கிறது! இன்றைக்கும் இருக்கிறது. 2022 டிசம்பரில் ஒரு அரசியல் தலைவரின் ரஃபேல் வாட்சுக்கு "பில் எங்கே, பில் எங்கே" என்று தமிழ்நாடே கேட்டதல்லவா? (உலகத்திலேயே 500 மட்டும் செய்த வாட்ச் அது.) வாட்சுக்குப் பில் கேட்பது இந்த நாட்டில் புதுப் பழக்கமே இல்லை. :-)

இப்போது யோசியுங்கள். உங்கள் தாத்தா வாட்சுக்குப் பில் இருக்கிறதா? டப்பா? கேரண்டி கார்டு? ஒரு மண்ணும் இருக்காது. வெளிநாட்டுக்காரன் ஏலத்தில் விற்கிற வாட்சுக்கு அட்டைப்பெட்டி முதல் கடைக்காரர் ரசீது வரை இருக்கும். நம்ம வாட்சுக்கு இருக்கிற ஒரே பத்திரம் அந்த டயல்தான். அதைப் படிக்கத் தெரிந்தால் நிறையச் சொல்லும். இருட்டில் மின்னுவதற்குப் பழைய டயல்களில் ரேடியம் கலந்த பெயிண்ட் வைத்தார்கள். அறுபதுகளில் அதை விட்டுவிட்டு டிரிட்டியத்துக்கு மாறினார்கள். அப்படி மாறினவற்றில் "ஸ்விஸ் மேட்" எழுத்துக்கு இரண்டு பக்கமும் குட்டியாக ஒரு ஆங்கில "டி" எழுத்து இருக்கும். உங்கள் வாட்சில் அது இருந்தால், தாத்தா அதை ஏறக்குறைய எந்தக் காலத்தில் வாங்கினார் என்று பேப்பர் இல்லாமலே சொல்லிவிடலாம். முள் எவ்வளவு பழுத்திருக்கிறதோ அதே அளவுக்கு எண்களின் மேலிருக்கிற பெயிண்டும் பழுத்திருந்தால் இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை. முள் மட்டும் பச்சையாக மின்னினால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் இருக்கிற நிமிஷக் கோடுகள் எண்களோடு நேராக நிற்கவில்லையென்றால் சந்தேகமே வேண்டாம். சுவிஸ்காரன் கோடு போடத் தெரியாதவன் இல்லை.

அந்தப் புள்ளிகளையும் சொல்ல வேண்டும். ஆனி ஆடி ஆவணியில் இங்கே காற்றே ஈரம். ஐந்தருவிக்குப் போகாமலே சட்டை நனையும் ஊர் இது. ஐம்பது வருஷம் அந்தச் சாரலில் இருந்த டயலில் வார்னிஷ் புள்ளி விழாமல் என்ன செய்யும்? மதுரையில் இருந்த வாட்ச் வேறு மாதிரி பழுத்திருக்கும். அண்ணன் சுண்ணாம்பு அடித்தது அப்பாவின் மேல் படிந்திருந்த குற்றாலத்தின் மேலேதான்.

இதைச் சொன்னால் ஒரு பதில் வரும், எனக்கும் வந்தது. "ஏலே, நம்ம காசி விஸ்வநாதர் கோயில் கோபுரமே புதுசுதானே? 1990-ல கட்டினதுதானே? அதை மட்டும் கும்பிடுத?" நல்ல கேள்விதான். பராக்கிரம பாண்டியன் 15-ம் நூற்றாண்டில் கட்டிய கோபுரம் சிதைந்துபோய் நெடுங்காலம் மொட்டையாக நின்றது. பிறகு ஊர் கூடி எழுப்பினார்கள். ஆனால் யாராவது இது பாண்டியன் வைத்த அதே கல் என்று சொல்லி விற்கிறார்களா? 1990 என்று சின்னப் பையனுக்கும் தெரியும். இடிந்ததைக் கட்டினார்கள், நின்றுகொண்டிருந்ததை இடித்துவிட்டுக் கட்டவில்லை. அந்தப் பாண்டியனே பின்னாளில் இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்து அதைச் சரிசெய்து காப்பவர்களை இப்போதே பணிகிறேன் என்ற பொருளில் கல்வெட்டில் பாடி வைத்திருக்கிறார். பழுது பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. ராஜாவே கும்பிட்ட வேலை அது.

வேறு ஒன்று சொல்கிறேன். குற்றாலத்தில் சித்திரசபை இருக்கிறது. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று. சுவர் முழுக்க ஓவியம், மூலிகைச் சாயம், பல இடங்களில் மங்கல். நாளைக்கு ஒரு புண்ணியவான் வந்து "மங்கிப் போச்சே" என்று எனாமல் பெயிண்ட் வாங்கி அதன் மேலேயே புதுசாக வரைந்தால் சும்மா இருப்போமா? எத்தனையோ கோயில்களில் அப்படி வெள்ளையடித்து ஓவியம் போனது, மணலைப் பீய்ச்சி அடித்து "சுத்தம்" செய்ததில் கல்வெட்டு எழுத்து போனது. அதற்கெல்லாம் கொதிக்கிற நண்பர்களே, உங்கள் வீட்டு பீரோவுக்குள் இருப்பது ஒன்றரை அங்குல சித்திரசபை.

அதற்காக ஓடாத வாட்சை அப்படியே பூட்டி வை என்று சொல்லவில்லை. சாவி கொடுக்கிற வாட்ச் ஓடத்தான் பிறந்தது. உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும், அப்படியே முறுக்கினால் பல்லும் அச்சும் தேயும். பிரித்துக் கழுவி எண்ணெய் விடச் சொல்லுங்கள். மெயின் ஸ்பிரிங் போயிருந்தால் மாற்றலாம். கீறல் விழுந்த கண்ணாடி மாற்றலாம், பெல்ட் மாற்றலாம். இதெல்லாம் தேய்மானச் சாமான்கள், சைக்கிள் டயர் மாதிரி. டயலையும் முள்ளையும் மட்டும் தொடவே கூடாது. கேஸை பாலிஷ் போடுகிறேன் என்பார்கள், அதுவும் வேண்டாம். முனைகள் மழுங்கி சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலேயே "அண்ணாச்சி, டயல் அப்படியே இருக்கட்டும்" என்று இரண்டு தடவை சொல்லுங்கள். பாவம், அவர்களாக ஆசைப்பட்டு அடிப்பதில்லை. கேட்கிறவன் எல்லாம் பளபளப்புத்தான் கேட்கிறான். அந்த அண்ணாச்சிகளே இன்னும் எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை. கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு பேலன்ஸ் வீலைப் பார்த்தவர்கள் இன்றைக்குப் பேட்டரி மாற்றியும் பெல்ட் மாட்டியும் நாளை ஓட்டுகிறார்கள். ஊதா டயலுக்குக் கொடுக்கிற ரெண்டாயிரத்தை அவர் கையில் கொடுத்தால் ஒரு நிஜ வாட்ச் ஓடும்.

ரேடியம் டயலாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. மின்னுவது எப்போதோ நின்றிருக்கும். ஆனால் ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருஷம் ஆகும். கையில் கட்டுவதைவிட, திறந்து சுரண்டி அந்தத் தூளை மூச்சில் இழுப்பதுதான் பெரிய ஆபத்து. நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் அந்தப் பெயிண்டைத் தூரிகையால் பூசிய பெண்கள், தூரிகை நுனியை உதட்டால் கூராக்கிக் கூராக்கியே நோய் வந்து செத்திருக்கிறார்கள். டயலைச் சுரண்டாதே என்று நான் சொல்வதற்கு ரசனை மட்டும் காரணமில்லை.

"எனக்குப் பழசு வேண்டாம், பளபளவென்று சுவிஸ் வாட்ச் கட்டணும், அவ்வளவுதான்" என்கிறீர்களா? தாராளமாகக் கட்டுங்கள். புதுசு வாங்குங்கள். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளோடு 2024 மார்ச்சில் கையெழுத்தான ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது, சுவிஸ் வாட்சுகளுக்கான வரி படிப்படியாகக் குறைகிறது. அந்த ஃபாவ்ரே லூபாவே டைட்டன் கைக்குப் போய், பிறகு வேறு கைக்கு மாறி, 2024-ல் மறுபடி புது வாட்சுகளோடு வந்திருக்கிறது. விலை நம்ம பாக்கெட்டுக்கு இல்லை, அது வேறு விஷயம். :-( காசு சேரும்வரை ஒரு டைட்டனோ கேசியோவோ கட்டலாம், அதில் ஒரு கேவலமும் இல்லை. புது டயல் ஆசைக்குப் புது வாட்ச் இருக்கும்போது, செத்தவரின் வாட்ச் ஏன் முகத்தைப் பறிகொடுக்க வேண்டும்? (இதை "முதலீடு" என்று பேசுகிற கூட்டத்தைப் பற்றி நான் பேசவே போவதில்லை. 2022-ல் ஏறின விலை எப்படி இறங்கியது என்று அவர்களையே கேளுங்கள்.)

இந்த சீசன் லீவில் ஊருக்குப் போகிறவர்கள் பீரோவைத் திறந்து பாருங்கள். ஓடாமல் கிடக்கிற வாட்ச் இருந்தால் சாவியை முறுக்காமல், தண்ணீரில் துடைக்காமல், அருவிக்குக் கட்டிக்கொண்டு போகாமல், முதலில் யாருடையது, எங்கேயிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, வாட்சோடு சேர்த்து வையுங்கள். அப்புறம் காலேஜுக்குக் கொண்டு வாருங்கள், பார்க்கலாம். ஊதா டயல்காரர்களும் வரலாம், பின்மூடியைத் திறந்து உள்ளே எத்தனை வாட்சுகள் இருக்கின்றன என்று சேர்ந்து எண்ணுவோம்.