கல்லூரிச் சாலைக்கு நடைபாதை கோரும் ஐந்தாவது மனு

அனுப்புநர்: செயலாளர், கல்லூரிச் சாலை மாணவர் மற்றும் குடியிருப்போர் சங்கம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

நகல்: நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர், நகராட்சி ஆணையர், அரசுப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர்.

பொருள்: ரயில் நிலையம் முதல் கல்லூரி முதன்மை வாயில் வரை சாலையின் இருபுறமும் நடைபாதை அமைத்தல், மற்றும் சில கோரிக்கைகள் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மாணவர்கள், கல்லூரி ஊழியர்கள், இச்சாலையில் குடியிருப்போர் ஆகியோரைக் கொண்ட பதிவு பெற்ற சங்கம் எங்களுடையது. எங்களில் பெரும்பாலோரிடம் கார் இல்லை.

இதே பொருளில் நான்கு மனுக்கள் கொடுத்துவிட்டோம். அவற்றில் எழுதியதை மறுபடியும் இங்கே எழுதுகிறோம். வந்த பதில்களைப் பார்த்தால் மனுக்கள் படிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

சாலையை அகலப்படுத்தப் புளியமரங்களை வெட்டத் தொடங்கிய மாதத்தில் முதல் மனு கொடுத்தோம். மரங்களுக்கு அடியில் ஒரு மண்பாதை இருந்தது. மூன்று தலைமுறை மாணவர்கள் அதில் நடந்துதான் கல்லூரிக்குப் போனார்கள். அந்தப் பாதைக்கு ஈடாக வரைபடத்தில் நடைபாதை இருக்கிறதா என்று கேட்டோம். வரைபடத்தைக் காட்டவில்லை. "பணி முடிந்தபின் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்தது. பணி முடிந்தபின், அந்தப் பதிலின் நகலை இணைத்து இரண்டாவது மனு கொடுத்தோம். அதற்குப் பதிலே இல்லை.

மூன்றாவது மனுவைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுத்தோம். ஊன்றுகோலுடன் ஒரு மாணவியும் வந்திருந்தார். சாலை ஒரு அலுவலகத்துக்கு உரியது, ஓரத்து வடிகால் இன்னொன்றுக்கு உரியது என்று சொல்லி இரண்டு அலுவலகங்களும் மனுவை மாறி மாறி அனுப்பின. நடப்பவர்கள் எந்த அலுவலகத்துக்கு உரியவர்கள் என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

நான்காவதாக, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் விண்ணப்பித்தோம். அப்போதுதான் ஒரு தெளிவான வாக்கியம் கிடைத்தது: "மேற்படி சாலையில் வடிகால் மேல்மூடியே நடைபாதையாகப் பயன்பட்டு வருகிறது." அந்த வாக்கியத்துக்கு மறுப்பாகவே இந்த ஐந்தாவது மனுவை எழுதுகிறோம்.

வடிகால் மூடி நடைபாதை ஆகாது. இது எங்கள் சொந்தக் கருத்து அன்று. நடப்போருக்கான வசதிகள் குறித்து இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட 103-ஆம் எண் வழிகாட்டி, நடைபாதையில் தடையில்லாமல் நடக்கும் அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. நடைபாதைத் தளத்திலிருந்து 2.2 மீட்டர் உயரம் வரை எதுவும் குறுக்கிடக் கூடாது. சாலை மட்டத்திலிருந்து உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த வழிகாட்டியையும் ஒரு டேப்பையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சாலை முழுவதையும் அளந்தோம். வடிகால் மூடியின் அகலம் எந்த இடத்திலும் ஒரு மீட்டரைத் தொடவில்லை. மருந்துக் கடைகளுக்கு எதிரில் அதன் உயரம் முழங்காலளவு. ஒவ்வொரு வாசலிலும் இறங்கி, அடுத்த வாசலில் ஏற வேண்டும். மின்மாற்றி ஒன்று முழு அகலத்தையும் அடைத்து நிற்கிறது. அதைச் சுற்றிப் போகிறவர் பேருந்துக்கு முன்னால்தான் இறங்கியாக வேண்டும்.

காலைப் பாசஞ்சர் வந்ததும் ரயில் நிலையத்திலிருந்து நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஒரே நேரத்தில் வெளியே வருகிறார்கள். வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் இருக்கும் தார் ஓரத்தில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. ஆகவே கோட்டுக்கு உள்ளே, வண்டிகளோடு வண்டியாக, ஒருவர் பின் ஒருவராக நடக்கிறார்கள். பின்னால் ஹாரன் அடித்தால் ஒதுங்க இடமில்லை. நடைபாதைக்கு நிலம் இல்லை என்று ஒரு பொறியாளர் எங்களிடம் வாய்மொழியாகச் சொன்னார். நிலம் இருக்கிறது. அதில் கார்கள் நிற்கின்றன.

மழைக்காலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐப்பசியில் வடிகால் நிரம்பி மூடிக்கு மேல் தண்ணீர் ஓடும். எந்த மூடி உடைந்திருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. சென்ற ஆண்டு முதலாமாண்டு மாணவி ஒருவர் அப்படிக் கால் வைத்து இடுப்பளவு உள்ளே போனார், கணுக்கால் முறிந்தது. குறைதீர் கூட்டத்துக்கு ஊன்றுகோலுடன் வந்தவர் அவரே. ஒரு பருவத் தேர்வை அவர் எழுதவில்லை. அந்த இடத்தில் இப்போது ஒரு மரக்கிளை நட்டிருக்கிறது. அதை நட்டவர் பக்கத்து டீக்கடைக்காரர்.

நடக்கப் பயந்தவர்கள் ஷேர் ஆட்டோவில் போகிறார்கள். போக 20 ரூபாய், வர 20 ரூபாய். மாதம் 25 வேலை நாள் என்றால் 1,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கு, புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் அரசு மாதந்தோறும் 1,000 ரூபாய் தருகிறது. ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதல் அதே தொகை கிடைக்கிறது. புத்தகத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆக வேண்டிய அந்தப் பணம், எங்கள் ஊரில் இந்தச் சாலையைக் கடப்பதற்கே சரியாகப் போய்விடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எங்கள் செயற்குழுவில் யாரும் பேசவில்லை.

இனி, தாங்கள் தயவுசெய்து ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி. சாலைப் பாதுகாப்புக் கோரி, கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் 14.05.2025 அன்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு ஓர் ஆணை பிறப்பித்தது. தடையற்ற, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்க நடைபாதை, அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும், ஆக்கிரமிப்புகளை அகற்றுவது கட்டாயம் என்றும் அது கூறியது. அதே வழக்கில் 07.10.2025 அன்று பிறப்பித்த ஆணையில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ), 210டி பிரிவுகளின் கீழ் மாநிலங்கள் ஆறு மாதங்களுக்குள் விதிகள் வகுக்க வேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது. இதில் 210டி பிரிவு, தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளின் வடிவமைப்பையும் பராமரிப்பையும் பற்றியது. எங்கள் சாலை அந்த வகையைச் சேர்ந்தது. இந்த ஆணைகள் ஏன் தேவைப்பட்டன என்பதை எண்களே சொல்கின்றன: 2023-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,72,000-க்கும் மேற்பட்டவர்களில் 35,000-க்கும் மேற்பட்டோர் நடந்து போனவர்கள்.

ஆகவே "பரிசீலிக்கப்படும்" என்ற பதிலை இனி எங்களால் ஏற்க முடியாது. சலுகையைப் பரிசீலிக்கலாம், வாழ்வுரிமையை நிறைவேற்றத்தான் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 41-ஆம் பிரிவு அவர்கள் செல்லத்தக்க சாலைகளைப் பற்றித் தனியாகவே பேசுகிறது. சக்கர நாற்காலியில் வரும் எங்கள் உறுப்பினர் ஒருவர் கல்லூரியில் வேலை கிடைத்த நாளிலிருந்து இன்றுவரை ஒரு முறைகூட வடிகால் மூடிமேல் ஏறியதில்லை. அவர் நட்டநடுச் சாலையில் வருகிறார்.

எனவே எங்கள் முதல் கோரிக்கை இது. ரயில் நிலையம் முதல் கல்லூரி முதன்மை வாயில் வரை இருபுறமும், மேற்கண்ட அளவுகளில், இடையில் அறுபடாத நடைபாதை வேண்டும். மின்மாற்றியை இடம் மாற்ற வேண்டும். வாசல்களில் நடைபாதை தாழாமல், வண்டிகள் ஏறி இறங்கச் சரிவு அமைக்க வேண்டும். மகளிர் விடுதிக்கு எதிரில் சென்டர் மீடியனைத் திறந்து, நடப்போர் சாலையைக் கடக்க உயர்த்திய கடவை போட வேண்டும். இப்போது மாணவியர் புத்தகப் பையை அந்தப் பக்கம் போட்டுவிட்டு மீடியனைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

ஏனைய கோரிக்கைகள் வருமாறு.

2. மகளிர் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் நடைமுறையில் உள்ளது. நூலகம் மூடும் நேரத்துக்குப் பின் இத்தடத்தில் அத்தகைய பேருந்து இல்லை. இரவு ஒரு நடை கூடுதலாக இயக்க வேண்டும்.

3. கல்லூரி நிறுத்தத்தில் நிழற்குடையும் கால அட்டவணையும் அமைக்க வேண்டும்.

4. ஷேர் ஆட்டோ கட்டணப் பலகையை ரயில் நிலைய வாசலில் வைக்க வேண்டும்.

5. பேருந்து நிலையத்தில் சைக்கிள் நிறுத்தக் கூரையுடன் இடம் ஒதுக்க வேண்டும்.

6. எரியாத தெருவிளக்குகளை மாற்ற வேண்டும்.

இரண்டு முதல் ஆறு வரை உள்ளவற்றுக்குத் தங்கள் வசதிப்படி கால அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். முதல் கோரிக்கைக்கு, எந்த அலுவலகம் பொறுப்பு, எந்தத் தேதியில் மதிப்பீடு தயாராகும் என்ற இரண்டு விவரங்களையும் 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம். அதற்கு முன், மூன்று துறை அலுவலர்களும் ஒரு வேலை நாளில் காலைப் பாசஞ்சர் வரும் நேரத்துக்கு ரயில் நிலைய வாசலுக்கு வந்து, வாகனத்தை அங்கேயே விட்டுவிட்டு, எங்களோடு கல்லூரி வரை நடந்து வரும்படி தாங்கள் பணிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். டேப்பும் வழிகாட்டி நகலும் நாங்கள் கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்.