கலியாணமானால் ‘மாஜி’யா?

அமெச்சூர் ரேடியோக்காரர்கள் என்று ஒரு கூட்டம் உலகமெங்கும் உண்டு. சர்க்கார் பரீட்சை எழுதி, லைசென்சு வாங்கி, வீட்டிலேயே கருவி வைத்துக் கடல் கடந்த ஊர்க்காரருடன் பேசுகிறவர்கள். கூலிக்கு அல்ல, ஆர்வத்துக்கு. அந்தக் காலத்துத் தந்தி போலப் புள்ளியும் கோடுமாகத் தட்டிப் பேசுவோர் இன்றும் பலர். கைச்சிரமம் குறைய சொற்களைச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். ‘73’ என்றால் வாழ்த்துகள். ‘88’ என்றால் அன்பும் முத்தமும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆளைக் குறிக்கும் சுருக்கங்களைப் பாருங்கள். ஆண் என்றால், பதினாறு வயதுப் பையனும் ‘ஓ.எம்.’, அதாவது ‘ஓல்டு மேன்’. கிழவன் என்று ஏசுவதல்ல, தோழமையாக விளிப்பது. கருவி முன் உட்காரும் பெண் ‘ஒய்.எல்.’, ‘யங் லேடி’. எண்பது வயதுப் பாட்டிக்கும் அதுதான். சரி, மனைவிக்கு? ‘எக்ஸ்.ஒய்.எல்.’ மாஜி இளம்பெண்! மாஜி மந்திரி, மாஜி ஜமீன்தார் வரிசையில் மனைவியும் சேர்ந்துவிட்டாள். புருஷனோ கலியாணத்துக்கு முன்பும் ஓ.எம்., பின்பும் ஓ.எம்.

“வெறும் தமாஷ்தானே, சுருக்கத்துக்காக வைத்தது” என்பார்கள். கணக்குப் பார்ப்போம். மனைவிக்கு ‘ஒய்.எஃப்.’ என்ற இரண்டெழுத்துச் சுருக்கமும் புழக்கத்தில் இருக்கிறது. அதற்கு எட்டுத் தட்டு போதும். ‘எக்ஸ்.ஒய்.எல்.’ தட்டப் பன்னிரண்டு வேண்டும். நாலு தட்டு கூடுதலாக உழைத்து ஒரு பெண்ணை மாஜியாக்குவது என்ன சிக்கனம்?

இந்தத் தட்டும் வித்தை தந்தி ஆபீஸிலிருந்து வந்தது. அங்கே பெண்கள் ஆரம்பம் முதலே இருந்தார்கள். அமெரிக்காவில் லோவெல் நகரத்துப் பஞ்சாலையில் நெசவு வேலை செய்தவர் சாரா பாக்லி. பத்து மணி நேர வேலைக்காகப் பெண் தொழிலாளர் சங்கம் கட்டியவர். அவரே 1846-ல் தந்தி ஆபீஸில் வேலைக்குப் போனார். பிறகு ஸ்பிரிங்ஃபீல்டு ஆபீஸை நடத்தியபோது, தமக்கு முன் அதே நாற்காலியில் இருந்த ஆணைவிடக் குறைந்த சம்பளமே தமக்கு என்று கண்டார். 1883-ல் வெஸ்டர்ன் யூனியன் முதலிய கம்பெனிகளை எதிர்த்துத் தந்தித் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, எட்டு மணி நேர வேலையோடு ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி என்பதும் அவர்களது கோரிக்கை. வேலை நிறுத்தம் தோற்றது. கோரிக்கை சாகவில்லை.

ரேடியோப் பெண்களும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. 1939-ல் எத்தல் ஸ்மித் என்பவர் முயற்சியில் அமெரிக்காவில் தமக்கென ஒரு சங்கம் கண்டார்கள். பெண்ணுக்குப் பெண் வாழ்த்துச் சொல்ல ‘33’ என்று சொந்தமாக ஒரு குறியும் வைத்துக்கொண்டார்கள். அடுத்தவன் வைத்த பெயரைத் தூக்கிக்கொண்டு திரிவதைவிட இது எவ்வளவோ மேல்!

நம் நாட்டிலும் பார்த்தோம். 2004 டிசம்பரில் அந்தமானைச் சுனாமி தாக்கியபோது, அமெச்சூர் ரேடியோவுக்காகப் போர்ட் பிளேயர் போயிருந்த பாரதி பிரசாத் கருவியை விட்டு எழவில்லை. தொலைபேசி செத்துக் கிடந்த நேரத்தில் தீவுக்கும் வெளியூருக்கும் சேதி போக வழி செய்தார். உற்றாரின் கதி தெரியாமல் தவித்தவர்களில் எவராவது, சேதி அனுப்பிய பெண் கலியாணமானவளா என்று விசாரித்திருப்பார்களா?

சங்கம் வைத்து நடத்தும் ரேடியோக்காரர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சுருக்கப் பட்டியலிலிருந்து அந்த எக்ஸை அடித்துவிடுங்கள். ஒய்.எஃப். இருக்கிறது, அதைத் தட்டச் சொல்லுங்கள்.