இரு வாசகங்களின் இயைபு

ஒரு நூலைப் பலகாற் படித்தல் வேறு. அதன் ஓரிடத்தை மற்றோரிடத்தோடு பொருத்திப் படித்தல் வேறு. முன்னையது பழக்கத்தால் வருவது. பின்னையது முயற்சியால் வருவது. தமிழ் கற்பார்க்கு இவ்விரண்டாவது முறை புதியதன்று. திருக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர், அதிகாரந்தோறும் தொடக்கத்திலேயே, அஃது அவ்விடத்து வைக்கப்பட்டமைக்குக் காரணங் கூறுவர். தொல்காப்பிய உரையாசிரியரும் ஓர் இயலுக்கும் அடுத்த இயலுக்கும் உள்ள இயைபை ஆராய்வர். வகுப்பில் இதனை நாம் விருப்போடு கற்கின்றோம். ஆயின், ஞாயிறுதோறும் ஆலயத்தில் வேதவாசகங்கள் படிக்கப்படுங்கால் இப்பயிற்சியை வாயிலிலேயே விட்டுச் செல்கின்றோம். யூதர் ஓய்வுநாள்தோறும் ஓதும் வாசகமுறையைக் கிறிஸ்தவ மாணாக்கராகிய நாம் கற்றல் வேண்டும் என்பதும், அதனை முதற்கண் அவர்கள் கேட்குமாறே கேட்டல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

அம்முறை யாதெனக் காண்போம். மோசேயின் ஐந்து ஆகமங்களையும் யூதர் தோரா என்பர். அதனை 54 பகுதிகளாக வகுத்து, வாரம் ஒன்றாக ஓராண்டில் ஓதி முடிப்பர். ஆண்டின் வாரக் கணக்கிற்கேற்பச் சிற்சில வாரங்களில் இரு பகுதிகளைச் சேர்த்தோதுவதும் உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் பராஷா என்று பெயர். பண்டைப் பாலஸ்தீன யூதர் ஏறத்தாழ மூன்றாண்டில் முடியும் வேறொரு முறையைக் கையாண்டனர். பாபிலோன் யூதரின் ஓராண்டு முறையே பின்னர் எங்கும் பரவியது. தோரா வாசகம் முடிந்தபின், தீர்க்கதரிசிகளின் ஆகமங்களினின்றும் ஒரு பகுதி ஓதப்படும். அதற்கு ஹப்தாரா என்று பெயர்; நிறைவு செய்தல் என்பது அச்சொல்லின் பொருள். யோசுவா, நியாயாதிபதிகள், சாமுவேல், இராஜாக்கள் ஆகிய நூல்களையும் யூதர் தீர்க்கதரிசிகளின் நூல்களுள்ளேயே அடக்குவர் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆண்டின் முடிவில், சிம்காத் தோரா என்னும் திருநாளன்று, மோசேயின் மரணத்தோடு முடியும் உபாகமத்தின் இறுதியை ஓதிய உடனேயே ஆதியாகமத்தின் தொடக்கத்தையும் ஓதுவர். அந்தாதி நூலில் இறுதிச் சொல் முதற்சொல்லோடு சென்று மண்டலித்தல்போல இவ்வாசகமும் மண்டலிக்கின்றது. அந்நாளுக்குரிய ஹப்தாரா யோசுவாவின் முதல் அதிகாரம். தலைவர் இறந்தார், பணி இறக்கவில்லை என்பது அங்கே சொல்லாமற் சொல்லப்படுகின்றது.

இவ்வழக்கம் எவ்வளவு பழையதென்பதற்கு நம் புதிய ஏற்பாடே சான்று. ஆண்டவர் நாசரேத்தூர் ஜெப ஆலயத்தில் ஏசாயாவின் சுருளை விரித்து வாசித்ததை லூக்கா நாலாம் அதிகாரத்திற் கூறுகின்றார். பிசீதியா நாட்டு அந்தியோகியாவில் நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசிகளின் நூலும் வாசிக்கப்பட்ட பின்னரே பவுல் எழுந்து பேசினார் என்பது அப்போஸ்தலர் நடபடிகளின் பதின்மூன்றாம் அதிகாரத்தால் விளங்கும். ஆகவே, இம்முறையைக் கற்பது அயலார் வீட்டிற் புகுவதன்று. நம் ஆண்டவர் அமர்ந்திருந்த இடத்தில் அருகே சென்று அமர்வதாகும்.

இனி, இரு வாசகங்களையும் இணைப்பது யாது? சிலவிடத்து ஒரு சொல்லே கயிறாகின்றது. நோவாவின் வரலாறு ஓதும் வாரத்தில் ஏசாயா 54ஆம் அதிகாரம் ஓதப்படும். நோவாகாலத்து வெள்ளத்தை எடுத்துக்காட்டி, இனிச் சினவேன் என்று இறைவன் சீயோனுக்கு ஆணையிடும் இடம் அது. சிலவிடத்து நிகழ்ச்சி கயிறாகின்றது. யூதா தன் தம்பி பென்யமீனுக்காக யோசேப்பின் முன்னின்று பரிந்து பேச, யோசேப்புத் தன்னை வெளிப்படுத்தும் வாரத்திற்கு, யூதா என்றும் யோசேப்பு என்றும் எழுதிய இரு கோல்கள் தீர்க்கதரிசியின் கையில் ஒன்றாகும் எசேக்கியேல் 37ஆம் அதிகாரப் பகுதி உரியது. உடன்பிறந்தார் பிணக்கு ஒரு குடும்பத்தில் தீர்ந்தது. பிரிந்த இரு நாடுகளின் பிணக்கும் அவ்வாறே தீரும் என்னும் நம்பிக்கை அவ்வியைபில் அடங்கியுள்ளது.

சிலவிடத்து இயைபு பின்னும் நுண்ணியது. கோராகு கலகஞ் செய்யும் வாரத்தில், தாம் ஒருவனுடைய கழுதையையும் கவர்ந்ததில்லை என்று மோசே இறைவனிடம் முறையிடுகின்றார். அவ்வாரத்து ஹப்தாராவில், முதியவராகிய சாமுவேல் மக்கள் முன்னின்று, தாம் எவருடைய எருதையேனும் கழுதையையேனும் கவர்ந்ததுண்டோ என வினவுகின்றார். சொல் ஒத்தது, பொருளும் ஒத்தது. இதனோடு, முதலாம் நாளாகமத்தின் ஆறாம் அதிகாரத்து வமிச வரிசையைப் பார்ப்போர் சாமுவேல் அக்கோராகின் வழித்தோன்றலாகக் குறிக்கப்பட்டிருத்தலைக் காண்பர். கலகக்காரன் குடியிலேயே கைசுத்தமுள்ள தலைவர் தோன்றினார். இதனை எந்த வாசகமும் வாய்விட்டுக் கூறவில்லை. இரண்டையும் அருகருகே வைத்தவர், காண்பார் காண்க என்று விட்டிருக்கின்றனர்.

அருகருகே வைத்தலிற் பொருள் காணும் இந்நெறி யூத உரையாசிரியர் பலர்க்கும் பொது. 1040 முதல் 1105 வரை வாழ்ந்த ராஷி என்பார், எண்ணாகமத்தில் மிரியாம் மோசேக்கு விரோதமாகப் பேசித் தண்டனை பெற்ற செய்தியின்பின் வேவுகாரரின் செய்தி வைக்கப்பட்டது ஏன் என வினா எழுப்பி, நாவின் குற்றத்திற்கு வந்த தண்டனையைக் கண்ணாற் கண்டும் அவர்கள் பாடங் கற்கவில்லை என்பதை உணர்த்தற்கு என விடை பகர்கின்றார். பரிமேலழகர் குறளுக்குச் செய்ததும் இதுவேயன்றோ? இருவரும் ஒருவரையொருவர் அறியார். மொழியும் சமயமும் வேறு. ஆயினும், நூலின் வைப்புமுறையும் நூலின் பொருளேயாம் என்னும் கொள்கையில் இருவரும் ஒருமித்தனர்.

இவ்வாறு படித்தல் கற்றார்க்கே உரியதென்று கருதுவார் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களை நோக்குக. திரௌபதியம்மன் திருவிழாவில், திருமுனைப்பாடி நாட்டினராகிய வில்லிபுத்தூரார் பாடிய பாரதத்தைப் பிரசங்கியார் பகலில் நாள்தோறும் தொடர்ந்து படித்துப் பொருள் விரிப்பர். இரவில் அக்கதை தெருக்கூத்தாக நடைபெறும். பகலிற் கேட்டதை இரவிற் கண்டதோடு பொருத்தி, எழுத்தறியாத முதியோரும் நயம் பேசுவர். சமயம் வேறாயினும், தொடர்ந்து கேட்டலும் பொருத்திக் காண்டலும் இம்மண்ணில் உழவரும் அறிந்த கலைகளே.

நம் சபைகளின் நிலை என்ன? திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷனார் பணியால் வளர்ந்த சபை, 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் தோன்றிய தென்னிந்தியத் திருச்சபையுட் சேர்ந்தது. விழுப்புரம் வட்டாரத்தில் தேனிஷ் மிஷனார் பணியின் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபை உள்ளது. இவ்வூர்களின் கத்தோலிக்கர் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சார்ந்தவர். இச்சபைகளிலெல்லாம் ஆண்டு முழுமைக்கும் வகுத்த வாசக அட்டவணை உண்டு. பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம் என மூன்றும் வாசிக்கப்படுகின்றன. 1969இல் வெளிவந்த கத்தோலிக்க முறையில், பொதுக்கால ஞாயிறுகளின் பழைய ஏற்பாட்டு வாசகம் அன்றைய சுவிசேஷத்திற்கு இயையவே தெரிந்தெடுக்கப்படுகின்றது. எலிசா வாற்கோதுமை அப்பங்களால் நூறுபேரைப் பசியாற்றிய பகுதியும், ஆண்டவர் ஐந்து வாற்கோதுமை அப்பங்களாற் பெருங்கூட்டத்தைப் போஷித்த யோவான் ஆறாம் அதிகாரமும் ஒரே நாளில் வருகின்றன. வாற்கோதுமை என்னும் ஒரு சொல் இரண்டையும் தைக்கின்றது. இஃது ஹப்தாராவை ஒத்த கலை. ஆயின், வாசிப்போர் வாசிக்கின்றனர். பிரசங்கியார் ஒன்றை எடுத்து விரிக்கின்றனர். ஏனைய இரண்டும் காற்றிற் கரைகின்றன. விழுப்புரம் சந்திப்பிற் பல திசை இருப்புப்பாதைகள் வந்து கூடுகின்றன; அங்கே வண்டி மாறத் தெரியாதவனுக்கு அது வெறும் நிலையமே. நம் வாசகங்களும் அத்தகைய சந்திப்பாயிருந்தும், நாம் மாறி ஏறுவதில்லை.

இவ்வசதிக்குறைவு ஒருபுறமிருக்க, இதினும் பெரியதொரு கேடு உண்டு. பழைய ஏற்பாட்டை மேற்கோள் பறிக்கும் தோட்டமாகவே கொண்டு, யூதரை அதன் பொருளறியாத காவற்காரராகக் கருதும் மனப்பான்மை நம்மிடை வேரூன்றியுள்ளது. பரிசேயன் என்னும் சொல் நம் பேச்சில் வேஷக்காரன் என்பதன் மறுபெயராகிவிட்டது. ஏசாயா 53ஆம் அதிகாரத்தை யூதர் வேண்டுமென்றே ஓதாது மறைக்கின்றனர் என்னும் குற்றச்சாட்டும் வழங்குகின்றது. அதனை அமைதியாக ஆராய்வோம். எருசலேம் ஆலயம் அழிந்த துக்கநாளுக்குப்பின் ஏழு வாரங்கள் ஏசாயாவினின்றும் ஆறுதல் வாசகங்கள் ஓதப்படுகின்றன. நான்காம் வாரத்து வாசகம் 52ஆம் அதிகாரம் 12ஆம் வசனத்தில் முடிகின்றது. ஐந்தாம் வாரத்தது 54ஆம் அதிகாரத்தில் தொடங்குகின்றது. இடையிலுள்ளது ஓதப்படவில்லை என்பது மெய். ஆனால், ஏசாயாவின் பெரும்பகுதி ஹப்தாராவில் வருவதில்லை. நாசரேத்தூரில் ஆண்டவர் வாசித்த 61ஆம் அதிகாரத்துத் தொடக்கமும் வருவதில்லை. ஏழாம் வாரத்து வாசகம் அவ்வதிகாரத்தின் பத்தாம் வசனத்திலேதான் தொடங்குகின்றது. அவ்வாரங்களின் வாசகங்கள் பெரிதும் சீயோனை விளித்துத் தேற்றுவன. 53ஆம் அதிகாரமோ தாசனைப் பற்றியது. அவ்வதிகாரம் எபிரெய வேதாகமப் பிரதிகளில் எஞ்ஞான்றும் உள்ளது. ராஷி அதற்கு உரையெழுதித் தாசன் என்றது இஸ்ரவேலை என்று கொண்டார். நாம் அதில் நம் இரட்சகரைக் காண்கின்றோம், காண்போம். அதற்காகப் பிறர்மேற் கள்ளத்தனம் ஏற்றவேண்டுவதில்லை.

இதனை நாம் கூர்ந்து எண்ணுதற்குக் காரணமுண்டு. சென்னையில் 17ஆம் நூற்றாண்டில் வைரமும் பவளமும் விற்ற யூத வணிகர் வாழ்ந்தனர். கொச்சியில் 1568இல் எழுப்பப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் இன்றும் நிற்கின்றது. 1948இல் இஸ்ரேல் நாடு தோன்றியபின் அங்குள்ள யூதரிற் பெரும்பாலார் குடிபெயர்ந்தனர். விழுப்புரத்தில் நின்று யூதரைப் பழிக்கும் ஒருவருக்கு எதிர்நின்று மறுமொழி கூற அண்டை வீட்டில் யூதர் இல்லை. மறுமொழி கூறுவார் இல்லாதவிடத்துப் பேசும் சொல்லுக்குப் பொறுப்பு மிகுதி. இத்தகைய சொற்கள் நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவ நாடுகளில் விளைத்த வெறுப்பின்மேல் நின்றே, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சுமார் 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். 1965இல் வத்திக்கான் சங்கம் யூதர்மேல் ஒட்டுமொத்தமாகப் பழி சுமத்தலாகாதென வெளிப்படையாக அறிவித்தது. தமிழ்ச் சபைகளின் பேச்சு அவ்வறிவிப்புக்குப் பின்தங்கியிருத்தல் தகாது.

நியாயப்பிரமாணத்தினின்றும் விடுதலை பெற்ற நமக்கு இஃதெதற்கு என்பாருமுளர். விடுதலை பெற்றவன் தான் பிறந்த வீட்டை மறக்கவேண்டுவதில்லை. இயைபு காண்டல் கற்பனைக்கு இடந்தருமே என்பாரும் உளர். உண்மையே, அதனாற்றான் பலர் கூடிப் படித்தல் வேண்டும். ஒருவர் வலிந்து கட்டியதை மற்றவர் அவிழ்ப்பர். உரைமறுத்தல் தமிழ் மாணாக்கர்க்குப் பழகிய வேலையன்றோ? பொழுதில்லை என்பாரும் உளர். ஐந்து ஆகமங்களின் அதிகாரங்கள் 187. 54 பகுதிகளாகப் பகுத்தால் வாரத்திற்கு மூன்று அல்லது நான்கு. இதற்கு நாளொன்றுக்குக் கால்மணி நேரம் போதும்.

ஆதலின் யான் வேண்டுவது இதுவே. நம் விடுதியில் வாரம் ஒருநாள் மாலை சிலர் கூடி, அவ்வாரத்துப் பராஷாவையும் ஹப்தாராவையும் தமிழிற் படிக்க. முதலில், இவ்விரண்டையும் ஏன் இணைத்தனர் என்பதை யூதர் நோக்கில் ஆராய்க. அதன்பின் நம் சுவிசேஷத்தில் அதன் எதிரொலி உளதோ என்று காண்க. இவ்வரிசை மாறலாகாது, பிறர் கூறுவதைக் கேட்டு முடித்தபின் நம் சொல்லைத் தொடங்குவதே நாகரிகம். வேவுகாரர் வாரத்தில் இதனைச் செய்து பார்க்கலாம். அன்றைய ஹப்தாரா யோசுவாவின் இரண்டாம் அதிகாரம். பன்னிருவருள் ஒருவராய் முன்பு வேவுபார்க்கச் சென்ற யோசுவா, இப்போது இருவரை மட்டும் அனுப்புகின்றார். முன்னவருட் பதின்மர் அஞ்சித் திரும்பினர். பின்னவர் துணிவோடு திரும்பினர். அவர்களுக்கு அடைக்கலம் தந்த ராகாப், மத்தேயுவின் முதல் அதிகாரத்தில் ஆண்டவரின் வமிச வரிசையில் வந்து நிற்கின்றாள். யூதர் நோக்கை முதலிற் கற்றமையால் நம் நம்பிக்கை குறைந்ததோ, வளர்ந்ததோ என்பதை அன்று அறிவோம்.

சீகன்பால்கு ஐயர் 1719இல் மரிக்குமுன் ஆதியாகமம் முதல் ரூத்துவரை தமிழிற் பெயர்த்து வைத்தார். தோரா முழுவதும் அதில் அடங்கும். முந்நூறாண்டுகளாக நம் கையில் உள்ள அந்நூலை, அதனை முதலிற் போற்றிக் காத்தவர்களின் முறையிலும் ஒருகாற் படித்துப் பார்ப்போமாக.