பழைய கைப்பேசி உடையாதது ஏன்?

"அந்தக் காலத்துக் கைப்பேசி கல்; இந்தக் காலத்துக் கைப்பேசி அப்பளம்" என்று பெரியோர் கூறக் கேட்கிறோம். கூறுவதோடு அவர்கள் அமைவதில்லை. "இந்தப் பிள்ளைகளுக்குப் பொருளைப் பேணத் தெரியவில்லை" என்னும் தீர்ப்பும் உடன் வருகிறது. முதற்கூற்றில் உண்மை உண்டு. இரண்டாம் கூற்று முறையன்று என்பதே நம் கருத்து.

தமிழ்த்துறை மலரில் கைப்பேசி ஆராய்ச்சி எதற்கு எனச் சிலர் வினவலாம். பாடக்குறிப்பு, தேர்வு அறிவிப்பு, உதவித்தொகைச் செய்தி ஆகிய யாவும் இன்று கைப்பேசி வழியாகவே மாணவரை அடைகின்றன. திரை உடைந்த அன்றே ஒரு மாணவர் வகுப்பினின்றும் பாதி விலகிவிடுகிறார். புதிது வாங்கக் குடும்பம் கடன்படுகிறது. ஆதலின் இது நமக்கும் உரிய பொருளே.

பழைய கைப்பேசியின் உறுதிக்குச் சான்றாக எல்லாரும் சுட்டுவது 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனம் அறிவித்த 3310 என்னும் கருவியையே. உலகெங்கும் ஏறத்தாழ 12 கோடியே 60 இலட்சம் கருவிகள் விற்பனையாயின என்பர். அதன் எடை 133 கிராம். இன்றைய கைப்பேசிகளுள் பல 200 கிராமை ஒட்டியோ கடந்தோ நிற்கின்றன. ஒரே உயரத்திலிருந்து விழும் இரு பொருள்களுள் எடை மிக்கதே மிகுந்த ஆற்றலோடு தரையில் மோதும். முதல் வேறுபாடு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அடுத்தது திரை. 3310-இன் திரையில் குறுக்கே 84, நெடுக்கே 48 எனப் புள்ளிகள் அமைந்திருந்தன. உள்ளங்கையில் ஒரு சிறு சாளரம், அவ்வளவே. அச்சாளரத்தின் மேலும் கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக் தகடே இருந்தது. பிளாஸ்டிக் எளிதில் கீறல் படும்; ஆயினும் அடிபட்டால் சற்றே வளைந்து மீளும். கண்ணாடியோ கீறலைத் தாங்கும். வளையச் சொன்னால் உடையும். மேலும் அம்முன்மூடி முழுவதையும் உரிமையாளரே கழற்றி வேறொன்று மாட்டிக்கொள்ளலாம். வண்ண வண்ண மூடிகள் கடைகளில் தொங்கியதைப் பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். அலங்காரம் என நாம் கருதிய அதுவே பழுதுநீக்கும் வழியாகவும் அமைந்தது.

அக்கைப்பேசி கீழே விழுந்தால் என்ன நிகழும்? பின்மூடி ஒருபுறம் தெறிக்கும். மின்கலம் மறுபுறம் ஓடும். பார்ப்பவர் பதறுவர். உண்மையில் அப்பிரிவே அதனைக் காத்தது. மோதலின் ஆற்றலில் ஒரு பகுதி, பாகங்கள் பிரிந்து ஓடுவதிலேயே செலவாகிவிடும். எஞ்சியதே உள்ளிருந்த மின்சுற்றைத் தாக்கும். பொறுக்கி எடுத்துப் பொருத்தினால் மீண்டும் பேசலாம். உடையாத பொருள் என்று நாம் போற்றுவது, பிரிந்து சேரத் தெரிந்த பொருளையே.

2003-இல் வந்த 1100 இவ்வகையில் இன்னும் ஒரு படி மேல். அதன் எடை 86 கிராமே. வளரும் நாடுகளின் புழுதியையும் வியர்வையையும் எண்ணியே அதனை வடித்தனர். விசைகளின் இடுக்கில் தூசி புகாதவாறு மேலுறை. கையிலிருந்து வழுக்காத பக்கங்கள். மின்வெட்டுக்கு ஒரு கைவிளக்கு. 25 கோடிக்கு மேல் விற்ற கருவி அது. (நோக்கியாவின் கைப்பேசிகள் 2006 முதல் 2014 வரை நம் ஸ்ரீபெரும்புதூரிலும் உருவாயின என்பதை இளையோர் பலர் அறியார்.)

எனினும் நினைவு முழு உண்மையையும் சொல்வதில்லை. அலமாரியில் இன்றும் கிடப்பன பிழைத்த கருவிகள். உடைந்தவை என்றோ குப்பைக்குப் போயின. மேலும் நம் நாட்டில் 2003 வரை வரும் அழைப்புக்கும் கட்டணம் இருந்தது. பேசுவதற்கன்றிக் கைப்பேசி சட்டைப்பையை விட்டு வெளியே வந்தது அரிது. இன்று காலை முதல் இரவு வரை அது கையிலேயே இருக்கிறது. பன்முறை எடுப்பது பன்முறை விழும். இதில் பிள்ளைகளின் அசட்டை எங்கே வந்தது?

இன்றைய கண்ணாடி மட்டமானது எனச் சொல்வதும் பிழை. உருகிய பொட்டாசிய உப்பில் அதனை அமிழ்த்துகின்றனர். மேற்பரப்பிலுள்ள சோடியம் அயனிகள் வெளியேற, அவற்றினும் பருத்த பொட்டாசியம் அயனிகள் அவ்விடங்களில் நெருக்கிக்கொண்டு அமர்கின்றன. அந்நெருக்கமே அதன் வலிமை. ஆனால் அக்கண்ணாடி முகம் முழுவதையும் மூடி நிற்கிறது. 2010-இல் வந்த ஐபோன் 4 முதுகிலும் கண்ணாடி அணிந்தது. எப்பக்கம் விழுந்தாலும் கண்ணாடி என்றால் எவ்வளவு வலிமைதான் போதும்?

இவையெல்லாம் ஒருவாறு பொறுக்கத்தக்கன. பெரிய திரை வேண்டும் என்று கேட்டவர்கள் நாமே. நாம் பொறுக்கலாகாதது மின்கலத்தைப் பசையிட்டு உள்ளே அடைத்த செயலையே. எந்த மின்கலமும் சில ஆண்டுகளில் தளர்வது இயற்கை. பழைய கைப்பேசியில் நகத்தால் மூடியைத் திறந்து வேறொன்று இடலாம். இன்று கடைக்குச் செல்ல வேண்டும். சூடேற்றிப் பசையை இளக்க வேண்டும். அப்பொழுதே திரை விரிசல் காணவும் கூடும்.

இவ்வேறுபாட்டின் விலையை இரண்டு நிகழ்ச்சிகள் காட்டும். 2007 ஆகஸ்டில், தன் பி.எல்.5சி வகை மின்கலங்களுள் 4 கோடியே 60 இலட்சம் மிகையாகச் சூடேறக்கூடும் என நோக்கியா எச்சரித்தது. மக்கள் மின்கலத்தின் எண்ணைப் பார்த்தனர். பழுதுடையதைக் கொடுத்துப் புதியது பெறலாயினர். கைப்பேசி அவர்களிடமே இருந்தது. 2016-இல் சாம்சங் நிறுவனத்தின் கேலக்ஸி நோட் 7 தீப்பற்றியது. பழுது அங்கும் மின்கலத்திலேதான். ஆனால் அதனைத் தனியே எடுக்க வழியில்லை. கருவிகளையே திரும்பப் பெற்றனர். மாற்றாகத் தந்தவையும் தீப்பற்றவே, அக்டோபரில் அவ்வகையின் உற்பத்தியையே நிறுத்தினர்.

நீர் புகாமல் இருக்கவே பசையிட்டு மூடுகிறோம் என்பது நிறுவனங்களின் மறுமொழி. நீர்காப்பு நல்லதே, பழைய கருவிகளுக்கு அது இல்லை என்பதும் மெய்யே. ஆயின் அதே சாம்சங் 2014-இல் வெளியிட்ட கேலக்ஸி எஸ் 5, கையால் கழற்றும் மூடியோடும் மாற்றத்தக்க மின்கலத்தோடும், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும் தரம் பெற்றிருந்ததே! முடியாது என்பதன்று; வேண்டாம் என்பதே காரணம் என நாம் கருதுகிறோம்.

உடலுறுதி மட்டும் போதுமா எனின், போதாது. அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 2017 தொடக்கத்தில் தன் இரண்டாம் தலைமுறை வலையமைப்பை மூடியது. உடையாத பழைய கருவிகள் அவ்வலையமைப்பில் ஊமையாயின. இன்றைய கைப்பேசிக்கு இவ்விடர் மென்பொருள் வடிவில் வருகிறது. புதுப்பிப்பு நின்றுபோனால், நல்ல நிலையிலுள்ள கருவியும் பயனிழக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு வழி கண்டுள்ளது. 2025 ஜூன் 20 முதல் அங்கு நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒரு வகையின் விற்பனை முடிந்த பின்னும் ஏழாண்டுகள் இன்றியமையா உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும். மென்பொருள் புதுப்பிப்பு ஐந்தாண்டுகளேனும் வர வேண்டும். கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயனரே மாற்றும்படி அமைக்க வேண்டும் என்னும் சட்டத்திற்கு 2027 பிப்ரவரி 18 நாள் குறித்துள்ளனர். அதில் சில விதிவிலக்குகளும் உண்டு. நம் நாட்டில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென நடுவண் அரசு ஓர் இணையவாயிலைத் தொடங்கியது. அது தகவல் தரும், கட்டாயப்படுத்தாது. சென்னை ரிச்சி தெருவில் உருப்பெருக்கியின் கீழ்க் குனிந்திருக்கும் தொழிலாளிக்கு வேண்டுவது தகவல் மட்டுமன்று, நிறுவனம் தரும் அசல் பாகமும் ஆகும்.

சட்டம் வரும்வரை கடையில் நாமே கேட்கலாம். இதன் மின்கலத்தை மாற்ற என்ன செலவாகும்? திரையின் விலை என்ன? புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை வரும்? பிள்ளைக்குக் கைப்பேசி வாங்கித் தரும் பெற்றோர், ஒளிப்படக் கருவியின் திறனைக் கேட்பதற்கு முன் இம்மூன்றையும் கேட்டு, விடையை விலைச்சீட்டின் பின்புறம் எழுதி வாங்கட்டும்.